நிறையின் தலையில் ஓர் அம்பு

1990 டிசம்பர். அரையாண்டுத் தேர்வு முடிந்து பதினோராம் வகுப்பு இயற்பியல் விடைத்தாள்கள் என் மேசையில் கட்டாகக் கிடந்தன. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி, பேர் வேண்டாம். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: ஸ்கேலர் அளவுகளையும் வெக்டர் அளவுகளையும் வேறுபடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று எடுத்துக்காட்டு தா. பாதித் தூக்கத்தில்கூடத் திருத்தலாம். நிறை, வேகம், ஆற்றல் என்று ஒரு பக்கம். எடை, திசைவேகம், விசை என்று மறுபக்கம். இருந்தால் டிக், இல்லாவிட்டால் சுழி. சிவப்பு மை தன்பாட்டில் ஓடும்.

நாற்பதாவது தாளோ என்னவோ, கை நின்றது.

"எண்ணிக் கணியம்: திணிவு, கதி, சக்தி. காவிக் கணியம்: நிறை, வேகம், விசை."

படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பையன் பாடத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறான். நிறையையும் வேகத்தையும் கொண்டுபோய் வெக்டர் பக்கம் உட்கார வைத்திருக்கிறான். மற்றதெல்லாம் கேள்விப்படாத சொற்கள். விசைக்கு மட்டும் 1 மதிப்பெண் போட்டேன். 'கதி' என்ற சொல்லைச் சுற்றி வட்டமிட்டு ஓரத்தில் எழுதினேன்: "யாருடைய கதி?"

அடுத்த பக்கத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி, நிறைக்கும் எடைக்கும் என்ன வேறுபாடு என்று. அவன் பதில்: "நிறை, எடை இரண்டும் ஒன்றே. அலகு நியூற்றன்." சுழி. அதை ஆசிரியர் அறையில் உரக்க வாசித்தும் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். தமிழ் ஐயா மட்டும் சிரிக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இதை இத்தனை வருடம் கழித்து எழுத வைத்தது என் பேத்தி. பதினொன்று படிக்கிறாள். போன வாரம் போனில், "தாத்தா, வெக்டருக்கும் ஸ்கேலருக்கும் என்ன வித்தியாசம், ஒரே வரியில சொல்லுங்க" என்றாள். ஒரே வரியில் சொல்லலாம்தான். அளவு மட்டும் உள்ளது ஸ்கேலர், அளவோடு திசையும் உள்ளது வெக்டர். 31 வருடம் இந்த வரியைக் கரும்பலகையில் எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். ஆனாலும் அவளிடம் அந்த வரியைச் சொல்ல வாய் வரவில்லை. "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிட்டேன். அந்த விடைத்தாள்தான் குறுக்கே வந்து நின்றது.

அந்தப் பையன் மண்டபம் முகாமிலிருந்து வந்தவன். 1990-ல் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டபோது கடல் கடந்து வந்த குடும்பங்களில் ஒன்று. மன்னார்ப் பக்கம் ஊர். அங்கே உயர்தர வகுப்பில் சேர்ந்து சில மாதம் படித்துவிட்டு, இங்கே பதினொன்றில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். அதிகம் பேச மாட்டான். பேசினாலும் நம் பிள்ளைகள் அவன் பேச்சைத் திருப்பிச் சொல்லி விளையாடுவார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தான். ஆசிரியர் அறையில் விடைத்தாளை வாசித்த நான் என்ன செய்தேன் என்று இப்போது யோசித்தால் அதுவும் அந்த விளையாட்டுதான்.

தாள்களைக் கொடுத்த மறுநாள் இடைவேளையில் வந்து நின்றான். அழவில்லை, கோபமும் இல்லை. கையில் விடைத்தாள்.

"சேர், இது ஏன் பிழை?"

"ஏப்பா, நிறைக்குத் திசை இருக்கா? அஞ்சு கிலோ அரிசி எந்தப் பக்கம் பாக்குது?"

"அது திணிவு சேர். நிறை எண்டா பூமி இழுக்கிற விசை. கீழ நோக்கித்தான இழுக்குது? அதுதான் காவி எண்டு எழுதினனான்."

"அப்ப வேகம்?"

"வேகம் எண்டா திசையோட சொல்லவேணும் சேர். திசை இல்லாட்டி அது கதி."

பத்து விநாடி ஒன்றும் பேசாமல் அவன் முகத்தையே பார்த்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றேன்.

அன்றைக்கு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு இரண்டு பேரும் எழுதிக்கொண்டே போனோம். நம்முடைய இயற்பியல் அவர்களுக்குப் பௌதிகவியல். முடுக்கம் அவர்களுக்கு ஆர்முடுகல். ஆற்றல் என்றால் சக்தி, திறன் என்றால் வலு, அழுத்தம் என்றால் அமுக்கம். இரண்டு விசைகளைச் சேர்த்தால் நமக்குக் கிடைப்பது தொகுபயன், அவர்களுக்கு விளையுள். விளையுள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. விசை, உந்தம், உராய்வு, இடப்பெயர்ச்சி எல்லாம் இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

இதுவரை பிரச்சினை இல்லை. தெரியாத சொல் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆளைக் கவிழ்ப்பது தெரிந்த சொல்தான். நிறை என்பது இங்கே கிலோகிராமில் அளப்பது, ஸ்கேலர். அங்கே நியூட்டனில் அளப்பது, வெக்டர். வேகம் என்பது இங்கே வெறும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர், ஸ்கேலர். அங்கே அது திசையோடு சேர்ந்தது, வெக்டர். இரண்டு சொற்களும் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் உள்ள சுமார் 30 கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டும்போது ஒன்று திசையைப் பெறுகின்றன, அல்லது இழக்கின்றன. இரண்டு கரையிலும் கலைச்சொல் ஆக்கியவர்கள் தனித்தனியாக உட்கார்ந்து செய்த வேலை. யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனால் அந்த நடுக்கடலில் ஒரு பையனுடைய 6 மதிப்பெண் விழுந்துவிட்டது.

அவனுடைய பட்டியலை இப்போது திரும்பப் பாருங்கள். திணிவு, கதி, சக்தி: ஸ்கேலர். நிறை, வேகம், விசை: வெக்டர். ஆறும் சரி. வகுப்பிலேயே ஆறும் சரியாக எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.

'காவி' என்றால் என்ன என்று கேட்டேன். நம் ஊரில் காவி என்றால் வேட்டி நிறம்தான் ஞாபகம் வரும். "சுமந்துகொண்டு போறது சேர். காவிக்கொண்டு போறம் எண்டு சொல்லுவம். நுளம்பையும் நோய்க்காவி எண்டுதான் சொல்லுறது." நுளம்பு என்றால் கொசு. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தமிழ் ஐயா அப்போதுதான் வாயைத் திறந்தார். "காவடி எப்படி வந்ததுன்னு நெனச்சீங்க? காவுறதுன்னா தோளில் சுமக்கிறது. நாமதான் வினையை விட்டுட்டுக் காவடியை மட்டும் வச்சிருக்கோம்." அத்தோடு விடவில்லை. "கதின்னா நடை. குதிரைக்கு ஐஞ்சு கதி சொல்வாங்க. தாளத்துல கதி இல்லையா? நீங்க அந்தத் தாள்ல எழுதினதை நான் பார்த்தேன்." அவ்வளவுதான் சொன்னார். 'கதி' இல்லாதவனுக்கு என்ன பெயர் என்று அவர் சொல்லவில்லை. முகாம் வாசலிலேயே அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். எனக்குக் காது சுட்டது.

வெக்டர் என்ற லத்தீன் சொல்லுக்கும் சுமப்பவன், கொண்டுபோகிறவன் என்றுதான் பொருள் என்பது பிறகு நான் தேடிப் படித்தது. நம்முடைய வாகனமும் அதே பழைய வேரிலிருந்து வந்த உறவுதான். கோளைச் சூரியனைச் சுற்றிச் சுமந்து செல்லும் கற்பனைக் கோட்டுக்கு வானியலில் முதலில் அந்தப் பெயர் இருந்தது. ஸ்கேலர், வெக்டர் என்ற ஜோடியை இன்றைய பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவர் அயர்லாந்துக்காரர் வில்லியம் ரோவன் ஹாமில்டன். 1843 அக்டோபர் 16 அன்று மனைவியோடு டப்ளினில் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, வருடக் கணக்காகப் பிடிபடாமல் இருந்த ஒரு சமன்பாடு பளிச்சென்று தோன்ற, பேனாக்கத்தியை எடுத்து அங்கிருந்த புரூம் பாலத்துக் கல்லில் கீறிவைத்தார். அவர் கண்டது நான்கு உறுப்புகள் கொண்ட ஒரு விசித்திர எண். அதில் ஓர் உறுப்பு வெறும் எண். அளவுகோலில் மேலும் கீழும் நகர்வது, அதனால் ஸ்கேலர். மற்ற மூன்றும் சேர்ந்து வெளியில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கொண்டுபோவது, அதனால் வெக்டர். பின்னால் அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் அந்த நாலு உறுப்பு எண்ணைப் பிரித்து, நாம் பள்ளியில் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணி, காவி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் ஹாமில்டனின் மனசைத் தொட்டிருக்கிறார். நம் பக்கத்தில் திசையிலி, திசையன் என்று வைத்துப் பார்த்தோம். இப்போது கணக்குப் புத்தகத்தில் வெக்டர் என்றே போடுகிறார்கள். திசையன் என்பதில் திசை இருக்கிறது, கொண்டுபோவது இல்லை. அந்தக் குறைதான் என் பேத்தியின் ஒரு வரிப் பதிலிலும் இருக்கிறது.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அளவும் திசையும் இருந்தால் வெக்டர் என்று மனப்பாடம் செய்த பிள்ளையிடம், "மின்னோட்டத்துக்குத் திசை இருக்கா?" என்று கேளுங்கள். இருக்கிறது, சுற்றுப்படம் வரையும்போது அம்புக்குறி போடுகிறோமே. "அப்ப அது வெக்டரா?" பிள்ளை விழிக்கும். விழிக்க வேண்டிய கேள்விதான். ஒரு சந்தியில் இரண்டு கம்பிகள் வழியாக 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் வந்து சேர்ந்தால் மூன்றாவது கம்பியில் 7 ஆம்பியர் வெளியே போகும். கம்பிகளை நேராக வைத்தாலும் 7, செங்குத்தாக மடக்கினாலும் 7, கோணல்மாணலாக முறுக்கினாலும் 7. கோணத்தைப் பற்றி மின்னோட்டம் கவலைப்படுவதே இல்லை. அதே 3, 4 என்ற எண்களை விசையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் இழுத்தால் 7 நியூட்டன். எதிரெதிராக இழுத்தால் 1. செங்குத்தாக இழுத்தால் 5. 60 பாகையில் இழுத்தால் 6.08. மூன்றும் நாலும் எத்தனை என்று கேட்டால், "எந்தக் கோணத்தில்?" என்று திருப்பிக் கேட்பதுதான் வெக்டரின் குணம். அம்பு இருப்பது மட்டும் போதாது. அம்புகள் இணைகர விதிப்படி சேர வேண்டும்: இரண்டு அம்பையும் ஒரே புள்ளியிலிருந்து பக்கங்களாக வைத்து இணைகரம் வரைந்தால், அந்தப் புள்ளியிலிருந்து போகும் மூலைவிட்டம்தான் விடை.

இதைச் சொல்லிக் கொடுக்க ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. வரைபலகையைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே இரண்டு மூலையில் கப்பி, நூலின் இரண்டு முனையில் பிளவு எடைக்கற்கள், நடுவில் முடிச்சுப் போட்டு மூன்றாவது எடை. நூல் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தாளில் குறிக்க, நூலுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, நூலும் அதன் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். பிள்ளைகள் அந்தக் கண்ணாடியில் தலை சீவுவார்கள். பரவாயில்லை. நடு எடையைக் கூட்டக் கூட்ட நூல்களுக்கு நடுவே கோணம் சுருங்குவதைக் கண்ணால் பார்த்த பையனுக்கு இணைகர விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது. அந்தச் சோதனையைச் செய்யாமல் பதிவேட்டில் மட்டும் எழுத வைக்கிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

இதைவிடக் குறும்பான உதாரணம் சுழற்சி. கையிலிருக்கும் புத்தகத்தை முன்னட்டை உங்களைப் பார்க்க நிமிர்த்திப் பிடியுங்கள். பம்பரம் சுற்றுகிற மாதிரி கால் சுற்று திருப்பி, அட்டையை வலப்புறச் சுவரைப் பார்க்க வையுங்கள். இப்போது மேல் விளிம்பை உங்களை நோக்கிக் கால் சுற்று சாயுங்கள். அட்டை இன்னும் வலப்புறச் சுவரைத்தான் பார்க்கிறது. பழையபடி ஆரம்பித்து, இந்த முறை முதலில் சாய்த்துவிட்டுப் பிறகு திருப்புங்கள். அட்டை தரையைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கும். இரண்டு திருப்பத்துக்கும் அளவு உண்டு, 90 பாகை. அச்சு உண்டு, அதாவது திசையும் உண்டு. ஆனால் வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது. வெக்டர்களைக் கூட்டும்போது எதை முதலில் கூட்டினாலும் ஒன்றுதான். ஆகவே இந்தப் பெரிய திருப்பங்கள் வெக்டர் வீட்டுக்குள் நுழைய முடியாது. பேத்தியிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வேதியியல் புத்தகத்தை எடு என்று சொன்னேன், அதுதான் கனம்.

கழித்தல் குறியைப் பார்த்துத் திசை என்று நினைக்கிற கூட்டமும் உண்டு. வெப்பநிலை மைனஸ் 5 என்றால் அது எந்தப் பக்கமும் போகவில்லை. அளவுகோலில் சுழிக்குக் கீழே நிற்கிறது, அவ்வளவுதான்.

கடலோரப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி. அவர்களிடம் 'காற்று' என்று மட்டும் சொன்னால் எந்தக் காற்று என்று கேட்பார்கள். வடக்கேயிருந்து வந்தால் வாடை, மேற்கேயிருந்து வந்தால் கச்சான், கிழக்கேயிருந்து வந்தால் கொண்டல். பெயரிலேயே திசை. ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. வாடைக்கு அம்பு போடு என்றால் பாதி வகுப்பு வடக்கு நோக்கிப் போடும். வாடை வடக்கிலிருந்து வருகிறது, அம்பு தெற்கே போக வேண்டும். வானிலை அறிக்கையிலும் அப்படித்தான், வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வருவது. கடல் நீரோட்டத்துக்கு மட்டும் உலக வழக்கம் நேர்மாறு. வடக்கு நீரோட்டம் என்று கடலியலார் எழுதினால் வடக்கு நோக்கி ஓடுவது என்று பொருள். காற்றைச் சொல்லும்போது எங்கிருந்து என்றும் தண்ணீரைச் சொல்லும்போது எங்கே என்றும் சொல்கிறார்கள். ஒரு மீனவர் வீட்டுப் பையன் இதைக் கேட்டுவிட்டு, "காத்து வரும்போது முகத்துல அடிக்கும் சார், தண்ணி போகும்போது வலையை இழுத்துட்டுப் போகும்ல" என்றான். எனக்கு அதைவிட நல்ல காரணம் தெரியாது.

தூரம், இடப்பெயர்ச்சி பாடத்துக்கு நான் வழக்கமாகச் சொல்வது ராமேசுவரம் கோயில் மூன்றாம் பிரகாரம். வாசலில் ஆரம்பித்து ஒரு சுற்றுச் சுற்றி வாசலுக்கே வந்தால் நடந்த தூரம் கால் வலிக்கிற அளவுக்கு உண்டு, இடப்பெயர்ச்சி சுழி. "அப்ப புண்ணியமும் சுழியா சார்?" என்று ஒரு குரல் வருடம் தவறாமல் வரும். புண்ணியம் ஸ்கேலர், கூடிக்கொண்டேதான் போகும் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் சார்புத் திசைவேகம் திருப்புதல் நடந்தது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற அதே ஆறு, படகு கணக்கு. படகு இவ்வளவு வேகம், ஆறு இவ்வளவு வேகம், எதிர்க்கரைக்கு நேரே போக எந்தக் கோணத்தில் செலுத்த வேண்டும்? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கிற வைகைதான். படகு விடுகிற ஆற்றை யாரும் பார்த்ததில்லை. நான் பலகையில் அம்பு போட்டுக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து அவன் குரல் வந்தது. தானாக அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"சேர், ஓட்டி நேர தனுஷ்கோடிக்கு விடமாட்டார்."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. ஓட்டி என்றால் படகு ஓட்டுகிறவர்.

"கொஞ்சம் மேல பிடிச்சுத்தான் விடுவார். தண்ணி எங்களை இழுத்துக்கொண்டு வந்து சரியான இடத்தில விடும். நேர விட்டா திட்டியில கொண்டுபோய் ஏத்திப்போடும்."

ராமர் பாலத்து மணல் திட்டுகளைச் சொல்கிறான். இரவில் படகுக்காரர்கள் ஆட்களைத் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட, விடிந்த பிறகு மீனவர்கள் பார்த்து ஏற்றி வந்த கதைகள் அந்த வருடம் எங்களுக்குப் பழக்கம். அவனுடைய படகு திட்டில் ஏறியதா என்று நான் கேட்கவில்லை. சாக்பீஸை நீட்டினேன். வந்து வரைந்தான்.

அந்தக் கணக்கை அப்படியே போட்டோம். கடல் 30 கிலோமீட்டர். படகு மணிக்கு 10. குறுக்கே நீரோட்டம் மணிக்கு 2 என்று வைத்துக்கொண்டோம். மூக்கை நேரே எதிர்க்கரைக்கு வைத்தால் 3 மணி நேரத்தில் கரை வரும், ஆனால் 6 கிலோமீட்டர் தள்ளி. நேரே போய்ச் சேர வேண்டும் என்றால் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக சுமார் 11.5 பாகை திருப்ப வேண்டும். அப்போது கரையை நோக்கிய வேகம் 9.8 ஆகக் குறையும், பயணம் நாலு நிமிடம் போலக் கூடும். நாலே நிமிடம் கொடுத்து 6 கிலோமீட்டரைச் சரிசெய்கிறார் அந்த ஓட்டி. அவர் சைன் அட்டவணை பார்த்தவரா என்ன? வெக்டர்களைக் கூட்டுவதற்கு அவரிடம் இருந்தது இருட்டும், கரையில் தெரிந்த ஏதோ ஒரு வெளிச்சமும். "திசைவேகம்" என்று நான் பலகையில் எழுதினேன். அவன் கையில் சாக்பீஸ் இருந்தபோது "வேகம்" என்றுதான் எழுதியிருந்தான். அதை நான் அழிக்கவில்லை. அன்றைக்கு வகுப்பில் யாரும் அவன் பேச்சைத் திருப்பிச் சொல்லவும் இல்லை.

நிறை விஷயத்தில் மட்டும் என் மனசு ஆறவில்லை. 50 கிலோகிராம் பொருளை நிலாவுக்குக் கொண்டுபோனாலும் அது 50 கிலோகிராம்தான். அதைப் பூமி இழுக்கிற விசை 490 நியூட்டன், நிலா இழுப்பது 81 நியூட்டன். இரண்டு தட்டுத் தராசு முதலாவதைச் சொல்லும், ஏனென்றால் படிக்கல்லையும் நிலா அதே விகிதத்தில் குறைத்துத்தான் இழுக்கும். சுருள்வில் தராசு இரண்டாவதைச் சொல்லும். அவன் அதை விற்றராசு என்பான். முதலாவதுக்குத் திசை கிடையாது. இரண்டாவது எப்போதும் கீழே பார்க்கும். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் பிடிக்கிறாரே, அவருக்கு வேண்டியது அந்தத் திசை மட்டும்தான். குண்டு எத்தனை கிராம் என்பது அவருக்கு அநாவசியம். இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிற ஒரு பையனை, என் ஊர் அகராதியில் வேறு கட்டத்தில் இருக்கும் ஒரு சொல்லை எழுதினான் என்பதற்காகச் சுழி போட்டவன் நான். அந்த வகுப்பில் நிறை என்று எழுதி டிக் வாங்கிய முப்பது பேரில் எத்தனை பேருக்குக் கிலோகிராமுக்கு ஏன் திசை இல்லை என்று தெரிந்திருக்கும்?

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வெக்டர்களைப் புள்ளிப் பெருக்கல் செய்தால் ஸ்கேலர் வரும். விசையும் இடப்பெயர்ச்சியும் பெருகினால் வேலை. இரண்டு அம்பும் உருகி ஒரு எண் ஆகிவிடுகிறது. இரண்டும் செங்குத்தாக இருந்தால் அந்த எண் சுழி. தலையில் மூட்டையோடு பிளாட்பாரத்தில் சமதரையில் நடக்கிற போர்ட்டர் மேல்நோக்கிக் கொடுக்கும் விசை செய்யும் வேலை சுழி என்று பாடம் சொல்லும். அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். காவிக்கொண்டு போவது காவி. ஆனால் காவியவனுக்குக் கணக்கில் வேலை சுழி. இதைச் சொன்னபோது அந்தப் பையன் வாய்விட்டுச் சிரித்தான். முகாமிலிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிற தன் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை என்றான்.

மதிப்பெண் விஷயம் பாக்கி. விடைத்தாளில் ஐந்துக்கு ஐந்தும் இரண்டுக்கு இரண்டும் போட்டேன். நிறை, எடை இரண்டும் ஒன்றே என்பது அவன் மொழியில் சரியான வாக்கியம். 91 என்பது 97 ஆனது. ஆனால் மதிப்பெண் பதிவேடு அதற்குள் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டது. அடித்து எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். "கூட்டல் பிழை" என்று எழுதச் சொன்னார்கள், அதுதான் வழக்கமாம். நான் அப்படி எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். அதுவும் பொய்தான். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. தாளின் ஓரத்தில் நான் எழுதிய அந்த இரண்டு வார்த்தையைச் சிவப்பு மையாலேயே எழுத்துத் தெரியாமல் அடித்தேன். அவன் முன்னாலேயே அடித்தேன். மன்னிப்பு என்ற சொல்லை ஆசிரியர்கள் மாணவனிடம் பயன்படுத்துகிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "என் தாள்ல நீ எப்படி எழுதினாலும் எனக்குப் புரியும். அடுத்த வருஷம் பொதுத்தேர்வுத் தாளை எங்கேயோ யாரோ திருத்துவாங்க. அவங்களுக்கு நிறைன்னா கிலோகிராம்தான். திணிவுன்னு எழுதினா என்னன்னு தெரியாது. இங்க உள்ள சொல்லையே பழகிக்கோப்பா."

"சரி சேர்" என்றான். சரி என்று சொல்வது எளிது. பிறந்ததிலிருந்து நிறை என்றால் ஒன்று என்று இருந்த மனசில், தேர்வு எழுதும் மூன்று மணி நேரம் மட்டும் அதை வேறொன்றாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு நாள் அவன் குறிப்பு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சில தமிழ்ச் சொற்களின் தலைமேல் சின்னதாக ஓர் அம்பு போட்டிருந்தான், வெக்டருக்குக் கணக்கில் எழுத்தின்மேல் போடுவோமே, அதே மாதிரி. 'நிறை' என்று ஓரிடத்தில் வெறுமனே இருந்தது. நாலு வரி தள்ளி அதே 'நிறை', மேலே அம்போடு. 'வேகம்' அம்பில்லாமல், 'வேகம்' அம்போடு. இது என்ன என்று கேட்டேன்.

"அம்பு இல்லாதது இங்கத்தைய சொல் சேர். அம்பு போட்டது எங்கட."